பனிக் கூரை மேல் ஒரு பெண்

டோக்கியோ
ஷோவா எட்டாம் ஆண்டு (1933), நவம்பர் 9

கிகுனோ அக்காவுக்கு, தம்பி ஹெய்கிச்சி வணங்கி எழுதுவது.

இங்கே தெருமரங்கள் மொட்டையாகிவிட்டன. உங்கள் எச்சிகோ மலையில் இதற்குள் முதல் பனி விழுந்திருக்கும். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அத்தான் நலமா? சுமியும் பெண் குழந்தைகள் இருவரும் இருமிக்கொண்டே நலமாக இருக்கிறார்கள். எனக்கு வலது மணிக்கட்டு காலையில் மடங்க மறுக்கிறது. மை தடவிய மரக்கட்டைகள் மேல் ஒரு படத்துக்கு முப்பது தடவை, அப்படி இருநூறு படத்துக்குத் தாளை வைத்துத் தேய்த்து அச்சிடுகிற கை வேறு எப்படி இருக்கும்?

ஒரு காரியமாக எழுதுகிறேன். எங்கள் பதிப்பாளர் முதலாளிக்கு மறுபடியும் பனியில் கோயில் படம் வேண்டுமாம். கப்பலேறி வெளிநாடு போகிற படங்களில் அதுதான் முதலில் தீர்ந்துபோகிறது. போன வருஷம் ஓவியர் கஷியாமா இங்கேயே ஒரு கோயிலை வரைந்தார். டோக்கியோப் பனி இரண்டு விரல் உயரம். அவர் முழங்கால் உயரத்துக்குப் போட்டார். "இந்தத் தடவை நெஜப் பனியைப் பாக்காம தூரிகையத் தொட மாட்டேன்" என்று சொல்லி உட்கார்ந்திருக்கிறார். என் அக்கா ஒரு புத்தர் கோயில் சாமியாரின் மனைவி, ஆள் உயரத்துக்குப் பனி விழுகிற ஊரில் இருக்கிறாள் என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன். டிசம்பர் தொடக்கத்தில் நான்கு நாள் உங்கள் உன்ஷோஜி கோயிலில் அவர் தங்கலாமா?

இன்னொன்று. உன் கடிதங்களின் அடியில் அத்தான் எப்போதும் என்னைக் கேலி செய்து இரண்டு வரி எழுதுவார். கடைசி இரண்டு கடிதங்களில் அது இல்லை. கோபமா என்று கேட்டுச் சொல்.

ஹெய்கிச்சி


உன்ஷோஜி, ஷிமோகுரா கிராமம்
நவம்பர் 27

தம்பி ஹெய்கிச்சிக்கு அக்காவின் ஆசிகள்.

குழந்தைகளின் இருமலுக்கு முள்ளங்கியை நறுக்கித் தேனில் ஊறவைத்துக் கொடு. கையை வெந்நீரில் வை. இங்கே எல்லாரும் சௌக்கியம். பனி இடுப்பு வரை வந்துவிட்டது. முள்ளங்கி ஊறுகாய் நான்கு பீப்பாய் போட்டாயிற்று.

உன் ஓவியருக்கு இந்த வருஷம் வேண்டாம். விருந்தாளி அறையின் கூரை ஒழுகுகிறது. படுக்கையும் போதாது. பக்கத்துக் கிராமத்தில் இதைவிடப் பெரிய கோயில் இருக்கிறது, வாசலில் பெரிய தேவதாரு மரங்களும் உண்டு. படத்துக்கு அதுதான் நன்றாக இருக்கும். அங்கே அனுப்பு.

அத்தானுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. குளிரில் மை உறைந்துபோகிறது. அவர் உன்னை அடிக்கடி விசாரிக்கிறார்.

கிகுனோ


டோக்கியோ
டிசம்பர் 7

அக்காவுக்கு வணக்கம். எல்லாரும் சுகம்தானே?

உன் கடிதம் நேற்று மாலை வந்தது. கஷியாமா முந்தாநாளே ரயிலேறிவிட்டார். நல்ல மனிதர், எதையும் கேட்க மாட்டார், கொடுத்ததைச் சாப்பிடுவார். ஒழுகாத மூலை ஒன்று இருந்தால் போதும். திட்ட வேண்டுமானால் என்னைத் திட்டு, அவரைத் திட்டாதே.

அத்தானுக்குப் பிடித்த புகையிலை அவர் பையில் இருக்கிறது.

ஹெய்கிச்சி


உன்ஷோஜி
டிசம்பர் 17

தம்பிக்கு.

எல்லாரும் நலம். உன் ஓவியர் வந்தார், நான்கு நாள் இருந்தார், போனார். கண்ணாடி அணிந்த ஒல்லிப்பிச்சான். வாசலில் வந்து நின்றபோது மீசை முழுக்கப் பனிக்கட்டி. "அம்மா, நான் இன்னும் உயிரோடதான் இருக்கேனா?" என்றார். சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அத்தானைப் பார்க்க வேண்டும் என்றார். புத்தர் ஞானம் பெற்ற மாதத்து மௌன தியானம் நடக்கிறது, சாமி உள்ளறையை விட்டு வர மாட்டார் என்று சொன்னேன். "அப்படின்னா நானும் சத்தம் போட மாட்டேன்" என்று சொல்லி, வீட்டுக்குள்ளும் நுனிக்காலில் நடந்தார். காலையிலிருந்து இருட்டும் வரை வெளியே நின்று வரைந்தார். விரல் நீலம் பாரித்துவிட்டது. இரண்டு முறை இழுத்துவந்து அடுப்பருகே உட்காரவைத்தேன். சாப்பாட்டில் குறை சொல்லவில்லை.

புகையிலை கிடைத்தது. அத்தான் நன்றி சொல்லச் சொன்னார்.

இனிமேல் யாரையும் அனுப்புவதானால் என் பதில் வரும்வரை பொறு.

கிகுனோ


டோக்கியோ
ஷோவா ஒன்பதாம் ஆண்டு, ஜனவரி 10

அக்காவுக்கும் அத்தானுக்கும் எங்கள் எல்லாருடைய புத்தாண்டு வணக்கம். நீங்கள் அனுப்பிய அரிசிப் பணியாரத்தைக் குழந்தைகள் ஒரே நாளில் காலி செய்துவிட்டார்கள். என் மணிக்கட்டைக் கேட்காதே.

நேற்று கஷியாமாவின் கோட்டுப் படம் மரக்கட்டையில் செதுக்கி வந்தது. முதல் தாளை நான்தான் கறுப்பு மையில் எடுத்தேன். உங்கள் கோயில், படிகள், மணிக்கூண்டு. எல்லாம் அப்படியே இருந்தது. ஆனால் நீங்கள் குடியிருக்கும் பக்கத்துக் கூரை மேல் ஓர் உருவம். வைக்கோல் மேலங்கி, தலையில் துணி, கையில் மரவாரி. குனிந்து பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான். ஆனால் குனிந்த விதத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவும் அப்படித்தான் குனிவாள்.

"இது யாரு?" என்று கஷியாமாவைக் கேட்டேன்.

"உங்க அக்காதான். நாலு நாளும் விடியறதுக்கு முன்னாடி ஏறிடுவாங்க. நான் வரேன்னு சொன்னேன், வாரியக் குடுக்கவே இல்ல. 'நீங்க விழுந்தா யாரு பதில் சொல்றது'ன்னுட்டாங்க."

"கிராமத்து ஆளுங்க வர மாட்டாங்களா?"

"வந்தாங்களே. வாசல்லயே நிக்கவச்சு, பூசை மண்டபத்துக் கூரைய மட்டும் தள்ளச் சொல்லி அனுப்பிட்டாங்க. உள்ள யாரையும் விடல."

அதற்குள் முதலாளி வந்து பார்த்தார். "என்னய்யா இது, பொம்பளை கூரை மேல கூலி வேல செய்யறா? வாங்குறவன் இதைச் சுவத்துல மாட்டினா அவனுக்கே முதுகு வலிக்கும். எடுத்துடு. கீழ படிகிட்ட சிவப்புக் குடையோட ஒருத்திய நிக்க வை" என்றார். கஷியாமா ஏதோ முனகினார். நான் வாயே திறக்கவில்லை. செதுக்குகிறவர் உளியை எடுத்தார். இரண்டு நிமிஷ வேலை. கட்டையில் கோட்டைச் செதுக்கித் தள்ளிவிட்டால் தாள் அங்கே வெள்ளையாகவே நின்றுவிடும். அதுதான் பனி. கீழே ஒரு கட்டைத்துண்டைப் பதித்துக் குடைக்காரியைச் செதுக்கினார்கள்.

அக்கா, மௌன தியானம் டிசம்பர் எட்டாம் தேதியோடு முடிந்துவிடுமே. அவர் அங்கிருந்து கிளம்பியது பத்தாம் தேதி. அத்தான் எங்கே? நீ ஏன் கூரையில் ஏறுகிறாய்?

ஹெய்கிச்சி


டோக்கியோ
ஜனவரி 29

அக்கா, நலமா? பதில் இல்லை. எச்சிகோவில் ரயில் நின்றுவிட்டது என்று பத்திரிகையில் போட்டிருக்கிறது. அதனால்தான் என்று சுமி சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அச்சு ஆரம்பித்துவிட்டது. வானத்துச் சாம்பல் நிறத்தை ஐந்து முறை ஏற்ற வேண்டும். ஒவ்வொரு தாளிலும் அந்தக் கூரையைத் தாண்டித்தான் கை போகிறது.

ஒரே ஒரு வரி எழுது. அத்தான் உயிரோடு இருக்கிறாரா?

ஹெய்கிச்சி


உன்ஷோஜி
பிப்ரவரி 7

தம்பி ஹெய்கிச்சி,

ரயில் நின்றது உண்மைதான். தபால்காரர் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு நேற்றுத்தான் நடந்து வந்தார். ஆனால் வழி திறந்திருந்தாலும் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அத்தான் உயிரோடு இருக்கிறார். செப்டம்பரில் முன்னோர் பூசையன்று, எல்லாரும் போன பிறகு, விளக்கை அணைக்கப் போனவர் விழுந்துவிட்டார். வலது கை, வலது கால் இரண்டும் வராது. பேச்சும் போய்விட்டது. நான் சொல்வதெல்லாம் புரிகிறது. அவர் சொல்ல நினைப்பதுதான் வெளியே வருவதில்லை. முதல் மாதம் முழுக்க அழுதார். இப்போது அழுவதில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கோயில் எங்களுடையதில்லை, தலைமை மடத்துக்குச் சொந்தம். சூத்திரம் ஓத முடியாத சாமிக்கு அங்கே இடமில்லை. எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. இன்னொருவரை அனுப்புவார்கள், நாங்கள் மூட்டை கட்ட வேண்டும். இந்தக் குளிரில் எழுந்து உட்காரவே முடியாதவரை எங்கே கொண்டுபோவேன்? வசந்தம் வரைக்கும் சமாளித்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் பேச்சு திரும்பிவிடும் என்றும் நினைத்தேன். உனக்குச் சொன்னால் அது நடந்த விஷயமாகிவிடும். சொல்லாத வரைக்கும் அவருக்கு வெறும் சளிதான்.

ஊருக்கும் அதைத்தான் சொல்லிவைத்திருக்கிறேன். திதிகளுக்கு என்ன செய்வது? "சாமி உள்ள ஓதிடுவாங்க, நீங்க பழத்தை வச்சுட்டுப் போங்க" என்பேன். கரி சுடுகிற கிழவர் மொசுகே புத்தாண்டுக்கு வந்து, "நாலு மாசமா ஒரே சளியா? அந்தச் சளிக்கே வயசாயிருக்கும்மா" என்று சிரித்தார். பிறகு அவரே பேச்சை மாற்றி, "நான் இந்தக் குளிர்காலத்துல சாகறதா இருந்தேன். சாமி எழுந்திரிக்கட்டும், தள்ளிப்போடறேன்" என்றார்.

கூரையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். நிம்மதியாகத்தான் இருந்தது. தலைமை மடத்தார் பார்த்திருந்தால் உன்னைப் போலத்தானே கேட்டிருப்பார்கள்.

தினமும் இரண்டு முறை பனி தள்ளுகிறேன். அவரைப் புரட்டிப் போடுவது நான்கு முறை. அவ்வளவுதான். நீ கவலைப்படாதே. எதுவும் அனுப்பாதே.

கிகுனோ


டோக்கியோ
பிப்ரவரி 14

அக்கா,

கடிதத்தை சுமிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் என்னால் முடியவில்லை. மீதியை அவள் படித்தாள்.

நல்ல தம்பி நான். ஒருவர் எழுதும் இரண்டு வரி காணாமல் போயிருக்கிறது, அதற்குக் கோபமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். விருந்தாளியை வேறு அனுப்பி வைத்தேன். அன்றைக்கு முதலாளியிடம் ஏன் பேசவில்லை தெரியுமா? அந்த உருவத்தின் வைக்கோல் நிறத்துக்குத் தனியாக ஒரு கட்டை வேண்டும். எடுத்துவிட்டால் ஒரு நிறம் குறையும், குடைக்குக் கோயிலுக்குப் போடும் சிவப்பே போதும், கைக்கு இருநூறு தேய்ப்பு மிச்சம் என்று நினைத்தேன். அக்காவைப் பார்த்துக்கொண்டே அதை நினைத்தேன்.

இங்கே வந்துவிடுங்கள். வழி திறந்ததும் நான் வந்து கூட்டிவருகிறேன். சுமியிடம் கேட்டதற்கு, "ரெண்டு ரூம்ல ஆறு பேரா? நின்னாத்தான் இடிக்கும், படுத்தா சரியாப் போயிடும்" என்றாள். அவள் பேச்சு உனக்குத் தெரியும். அப்படிச் சொன்னால் சம்மதம் என்று அர்த்தம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கிறேன். இந்த முறை நிஜமாகவே காத்திருப்பேன்.

ஹெய்கிச்சி


உன்ஷோஜி
மார்ச் 11

தம்பிக்கு,

சுமிக்கு என் அன்பைச் சொல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மொசுகே செத்துப்போனார்.

பிப்ரவரி இருபதாம் தேதி. மூன்று நாளாகப் புயல். பக்கத்துக் கோயில் சாமி வரவும் வழியில்லை, பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கவும் முடியாது. காலையில் அவருடைய மருமகள் வந்து வாசலில் நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. "மாமா போயிட்டாருங்க" என்று மட்டும் சொன்னாள். நான் உள்ளே போய் அத்தானைப் பார்த்தேன். அவருக்குக் கேட்டிருந்தது. இடது கையால் சுவரில் தொங்கிய பூசை அங்கியைக் காட்டினார்.

உடுத்திவிட ஒரு மணி நேரம் ஆயிற்று. விறகு இழுக்கிற பனிவண்டியில் மெத்தை போட்டு அவரைக் கயிற்றால் கட்டினேன். மொசுகேயின் வீடு மேட்டில் இருக்கிறது. பாதி வழி வரைக்கும்தான் இழுத்தேன். அதற்குள் ஊர்ப் பெரியவர் இகராஷி எதிரே வந்து என் கையிலிருந்து கயிற்றை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஆறேழு பேர் வரிசையாக நின்று எங்களுக்கு முன்னால் பனியை மிதித்துப் பாதை போட்டார்கள்.

பிணத்தின் பக்கத்தில் அத்தானைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்தோம். மணியை அவர் இடது கையில் கொடுத்தேன். சூத்திரத்தை நான் ஓதினேன். இருபத்தாறு வருஷம் சமையலறையிலிருந்து கேட்டதுதானே. நடுவில் இரண்டு இடத்தில் தடுமாறினேன். அந்த இரண்டு இடத்திலும் அவர் மணியை அடித்தார், சபைக்கு அது முறையென்றே பட்டிருக்கும். முடிந்ததும் எல்லாரும் தரையில் தலை வைத்து வணங்கினார்கள். எனக்கு இல்லை, அவருக்குத்தான். அது சரிதான்.

திரும்பும் வழியில் இகராஷியிடம், "மன்னிச்சிடுங்க, ஊரையே ஏமாத்திட்டேன்" என்றேன்.

"யாரம்மா ஏமாந்தது? அக்டோபர்லயே எங்களுக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்லணும். சொல்லிட்டா நான் தலைமை மடத்துக்கு எழுதணும்."

ஹெய்கிச்சி, எனக்கு அங்கேயே பனியில் உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. ஐந்து மாதம், யாருக்கும் தெரியாத ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்து, வந்தவர்களையெல்லாம் வாசலில் நிறுத்தினேன். அவர்கள் உள்ளே வந்து ஒரு கை பிடித்திருப்பார்கள். கூரையிலும் ஏறியிருப்பார்கள்.

இப்போது இகராஷி எழுதிவிட்டார். எழுதாமல் முடியாது. பதிலும் வந்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் புதிய சாமி வருகிறார், இளைஞராம். மொசுகேயின் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சின்னக் குடிசையை எங்களுக்குத் தருவதாக ஊர் முடிவு செய்திருக்கிறது. அரிசியும் விறகும் முறைவைத்துக் கொடுப்பார்களாம். நீயும் கூப்பிட்டிருக்கிறாய். நான் இன்னும் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

கிகுனோ


டோக்கியோ
மார்ச் 19

அக்கா, வணக்கம். உடம்பைப் பார்த்துக்கொள்.

இருநூறும் அடித்து முடித்துவிட்டோம். முதலாளி ஒரு பிரதி கொடுத்தார், இத்துடன் அனுப்புகிறேன். பிடிக்காவிட்டால் புதிய சாமிக்குக் கொடுத்துவிடு. பனி விழுகிற இடத்தில் தாளைத் தொடாமல் விட்டிருக்கிறோம். நன்றாகத்தான் வந்திருக்கிறது, அதை மறைத்துப் பயனில்லை.

ஊர் அப்படி ஒரு காரியம் செய்திருக்கும்போது, வா வா என்று இழுக்க எனக்கு நாக்கு எழவில்லை. இங்கே இரண்டு அறையும் என்னுடைய கெட்ட மணிக்கட்டும்தான். அங்கே அவருக்கு மரியாதை இருக்கும். யோசித்துச் செய். எது செய்தாலும் எனக்குச் சம்மதம்.

ஹெய்கிச்சி


உன்ஷோஜி
ஏப்ரல் 8

தம்பி ஹெய்கிச்சிக்கு,

கூரைகளில் பனி இறங்கிவிட்டது. தரையில் இன்னும் மார்பளவு கிடக்கிறது, ஆனால் நடுவே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது. அவர் நலம். அவர் பேச்சு திரும்பவில்லை, இனித் திரும்பும் என்றும் நான் நினைக்கவில்லை.

படம் வந்தது. இகராஷி தொடங்கி எல்லாரும் வந்து பார்த்தார்கள். "நம்ம ஊரு இவ்வளவு அழகா!" என்று ஆச்சரியப்பட்டார்கள். குடைக்காரி யார் என்று கேட்டார்கள். டோக்கியோவிலிருந்து வந்தவள் என்று சொன்னேன். இந்த ஊர்ப் பனியில் அந்தக் குடை ஒரே நிமிஷத்தில் ஒடிந்துவிடும் என்று சிரித்தார்கள். நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பனியில் கனமே இல்லை. குறையாகச் சொல்லவில்லை. அதைப் பார்க்கப் பார்க்கத் தூக்கம் வந்தது.

அத்தானிடம் கேட்டேன். "குடிசையா, டோக்கியோவா? நீங்களே சொல்லுங்க." கணப்புச் சாம்பலில் இடுக்கியால் இடது கையில் கிறுக்கினார். உன் இஷ்டம் என்று எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இருபத்தாறு வருஷம் எல்லாம் உங்க இஷ்டம். நான் அடிச்சுப் போட்டாப்ல கிடக்கறப்போ என் இஷ்டமா?" என்று கத்தினேன். அவர் சிரித்தார், அரை முகத்தால். செப்டம்பருக்குப் பிறகு முதல் முறை.

மத்தியானம் படுத்தவள் மறுநாள் காலையில்தான் எழுந்தேன். கஞ்சி வைக்க ஆளில்லை என்று இகராஷியின் மனைவி வந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், எனக்குத் தெரியவே இல்லை. எழுந்தபோது முடிவு தெளிவாக இருந்தது.

குடிசைக்குப் போகவில்லை. ஊர் நல்ல ஊர். ஆனால் அங்கே நான் எப்போதும் நன்றி சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அடுத்த நவம்பரில் மறுபடியும் வாரியை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் எனக்குத் தெம்பில்லை. இகராஷியிடம் சொன்னபோது முகம் வாடியது. "எங்க மேல வருத்தமாம்மா?" என்றார். "இல்லீங்க, பனி மேல" என்றேன். தலையாட்டினார். அவருக்கும் எழுபது வயது, புரிந்திருக்கும்.

இருபத்திரண்டாம் தேதி காலை எட்டேகாலுக்கு உயெனோ நிலையத்தில் வண்டி வந்து நிற்கும். இங்கே ஏற்றிவிட நான்கு பேர் வருகிறார்கள். அங்கே இறக்க ஆள் வேண்டும். எதுவும் வேண்டாம் என்று எழுதியே பழகிவிட்டது, அதனால் இதை எழுத இரண்டு தாளைக் கிழித்தேன். அத்தானைத் தூக்கப் பலசாலியாக யாரையாவது கூட்டிவா. உன் மணிக்கட்டை நம்ப மாட்டேன். நீ என்னைப் பிடித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

உன் அக்கா
கிகுனோ